பழைய கம்ப்யூட்டரில் புது ஹார்ட் டிஸ்க்: மாட்டுவது எளிது, ஏற்க வைப்பதுதான் வேலை

என் பழைய கம்ப்யூட்டரை இன்னும் கழித்துக்கட்டாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம் அதோடு ஓடும் ஃபிலிம் ஸ்கேனர். ஸ்கேனர் இன்றைக்கும் பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் அதற்கான டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுபோனது. வீட்டில் சேர்ந்துகிடக்கும் நெகட்டிவ்களை அதில்தான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு 35 மி.மீ. நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்து, தரம் குறையாமல் டிஃப் கோப்பாகச் சேமித்தால் படத்துக்குக் கிட்டத்தட்ட 23 எம்பி. 36 படம் உள்ள ஒரு ரோல் 800 எம்பியைத் தாண்டிவிடும். உள்ளே இருந்ததோ 80 ஜிபி டிஸ்க். திரையின் மூலையில் 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' என்ற பலூன் அடிக்கடி எழும்ப ஆரம்பித்ததும், இனி இன்னொரு டிஸ்க் சேர்க்காமல் முடியாது என்று தெரிந்துவிட்டது.

யூஎஸ்பியில் ஒரு டிஸ்கைச் செருகிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பேக்கப் எடுக்க அது போதும். ஆனால் இந்த வயதுக் கம்ப்யூட்டரில் இருப்பது யூஎஸ்பி 2.0. நொடிக்கு 480 மெகாபிட் என்று போட்டிருந்தாலும் கைக்கு வருவது 30, 35 மெகாபைட்தான். ஸ்கேனரும் அதே யூஎஸ்பியில்தான் தொங்குகிறது. டிஸ்கை மதர்போர்டோடு நேரே இணைக்கும் சாட்டாவின் முதல் தலைமுறைகூட நொடிக்கு 150 மெகாபைட் வரை கொடுக்கும். அதனால் உள்ளேயே மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

பலரும் முதலில் டிஸ்கை வாங்கிவிட்டு அப்புறம்தான் கேபினெட்டைத் திறக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பேன். பழைய கம்ப்யூட்டரில் ஒரு புது டிஸ்க் வேலை செய்ய வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபிள், மதர்போர்டில் உள்ள சிப், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்), விண்டோஸ், பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற குறிப்பு) என்று அத்தனையும் அதை ஏற்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் எழுதப்பட்ட விதிகளோடு உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் தெரியவில்லை என்றால் இவற்றில் ஏதோ ஒன்று மறுக்கிறது என்று அர்த்தம். எது மறுக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். வரிசையை விட்டுவிட்டு அங்கே இங்கே தாவினால் நல்ல டிஸ்கைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுவோம்.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மதர்போர்டில் 40 பின் உள்ள நீளமான ஐடிஇ (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு) சாக்கெட் இரண்டு. ஒன்றில் பழைய டிஸ்க், மற்றதில் சிடி டிரைவ். அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, தூசிக்கு அடியில், 'ட' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி உட்புறம் மடங்கிய சின்னச் சாக்கெட் இரண்டு. சாட்டா. அவை மட்டும் இல்லாமல் போயிருந்தால் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் சாட்டா கார்டு ஒன்று தேடியிருக்க வேண்டும். அதிலும் தப்பில்லை. பிசிஐ பாதையே மொத்தத்தில் நொடிக்கு 133 மெகாபைட்தான் என்பதால் வேகம் அதற்குள் நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்குவது. இதுதான் முழு வேலையிலும் யோசிக்க வேண்டிய இடம், ஏனென்றால் பழைய கம்ப்யூட்டர்களின் வயது எண்களில்தான் தெரியும். ஹார்ட் டிஸ்கில் தகவல் செக்டர் செக்டராக இருக்கிறது. வழக்கமாக ஒரு செக்டர் 512 பைட். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை எழுத எத்தனை இடம் ஒதுக்கினார்களோ அதுவே டிஸ்கின் உச்ச அளவு. ஆரம்பத்தில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்கில் 528 எம்பியோடு சுவர் வந்தது. அதைத் தாண்டியதும் 8.4 ஜிபியில் இன்னொன்று. சில பயாஸ்களில் 33.8 ஜிபியில் ஒன்று; அவற்றில் பெரிய டிஸ்கை மாட்டினால் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே உறைந்து நின்றுவிடும். இவற்றை இன்று சந்திப்பவர்கள் குறைவு. இன்னும் உயிரோடு இருக்கும் சுவர்கள் இரண்டு: 137 ஜிபி, 2.2 டிபி.

137 ஜிபி எப்படி வந்தது? செக்டர் எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டின் 28ஆம் அடுக்கை 512ஆல் பெருக்கினால் 137 ஜிபி வரும். 2002 வாக்கில் ஏடிஏ-6 என்ற தரம் அதை 48 பிட்டாக்கியது. ஆனால் தரம் மாறினால் மட்டும் போதாது. பயாஸும் மாற வேண்டும், விண்டோஸும் மாற வேண்டும். முதலில் வந்த எக்ஸ்பிக்கு 48 பிட் தெரியாது. சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. விண்டோஸ் 2000க்கு சர்வீஸ் பேக் 3 வேண்டும், அதோடு ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பையும் சேர்க்க வேண்டும்.

இதில் உள்ள ஆபத்தை எனக்குத் தெரிந்த ஒருவர் பட்டு அனுபவித்தார். 160 ஜிபி டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பார்ட்டிஷன் போட்டு, சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியில் கொண்டுபோய் மாட்டினார். எல்லாம் சரியாகவே நடந்தது, 137 ஜிபி நிறையும் வரை. அதற்கு மேல் எழுதச் சொன்ன தகவல், பழைய வண்டியின் மீட்டர் 99,999ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போவதைப் போல, டிஸ்கின் ஆரம்பத்தில் போய் விழுந்தது. ஆரம்பத்தில்தான் பார்ட்டிஷன் டேபிளும் கோப்புகளின் அட்டவணையும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் வராது. அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போதுதான் டிஸ்க் காலி என்று தெரியும். அதனால் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராபர்ட்டீஸ்' பக்கத்தில் எந்த சர்வீஸ் பேக் என்று பார்க்காமல் பெரிய டிஸ்கைத் தொடவே கூடாது.

2.2 டிபி சுவரின் கதை வேறு. அது எம்பிஆர் என்ற பார்ட்டிஷன் டேபிளின் எல்லை. அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட். அதற்கு மேல் போக ஜிபிடி என்ற புது வகை டேபிள் வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி டிஸ்கைப் படிக்கவே தெரியாது. விண்டோஸ் 7 படிக்கும். பழைய பயாஸ் இருந்தாலும்கூட ஜிபிடி டிஸ்கைத் தகவல் வைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அதிலிருந்து விண்டோஸையே தொடங்க, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ வேண்டும். 3 டிபி டிஸ்கை மாட்டியதும் 746 ஜிபி என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் புலம்புவது இதனால்தான். 2.2 டிபியைத் தாண்டிய மிச்சம் மட்டும் பழைய டிரைவரின் கண்ணில் படுகிறது. டிஸ்கில் குறையில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் போட்ட பிறகு 1 டிபி போதும் என்று முடிவு செய்தேன். இரண்டு சுவருக்கும் நடுவே பத்திரமான இடம் அது. 4 டிபி வாங்கினால் இன்னும் லாபம்தானே என்று யாராவது சொன்னால், உங்கள் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்டுவிட்டு அப்புறம் தலையாட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் செய்தேன்: பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்தேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், டிஸ்க் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். அதில் பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துக் கலங்க வேண்டாம். 5ஆம் எண் மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை. 197 படிக்கத் தடுமாறிக் காத்திருப்பில் வைத்தவை. 198 சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. ஆனால் முழு நிம்மதி அல்ல. கூகுள் தன் டிஸ்க்குகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று அதில் இருக்கிறது. மறுபக்கம், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை வராத டிஸ்கைவிட 39 மடங்கு. ஆக, எண்கள் கெட்டிருந்தால் நம்புங்கள்; நன்றாக இருந்தால் பாதி நம்புங்கள். நான் கேபினெட்டுக்குள் கை வைப்பதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். வருடக்கணக்கில் அசையாமல் இருந்த ஒரு டிஸ்கைக் கழற்றி மாட்டும்போது அது அப்படியே மறுபடி எழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது இழுப்பது ஒற்றை இலக்க வாட்தான். ஆனால் தட்டு சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வயரில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்கும் ஒரே நேரத்தில் எழும்போது வயதான எஸ்எம்பிஎஸ் தடுமாறலாம். ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆவது, டிஸ்க் டிக் டிக் என்று சுற்றி நிற்பது எல்லாம் இதனாலும் வரும். டிஸ்கைக் குறை சொல்வதற்கு முன் சிடி டிரைவின் பவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். திறந்த கையோடு மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். மேலே உப்பியிருந்தால், அல்லது பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால், அந்த போர்டுக்காக இனிச் செலவு செய்யாதீர்கள். 2000களின் முதல் பாதியில் தயாரான போர்டுகளில் இது சர்வ சாதாரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

என் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனையே கிடையாது. நான்கு பின் உள்ள மோலெக்ஸ் மட்டும்தான்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் வயர் வேண்டியிருந்தது. சின்னப் பொருள்தான், ஆனால் பார்த்து வாங்க வேண்டிய பொருள். சாட்டா முனையில் வயர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி ஒரே கட்டியாகச் செய்திருப்பார்கள், அது ஒரு வகை. வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போய்ச் செருகப்பட்டிருப்பது தெரியும், அது இன்னொரு வகை. முதல் வகையில் உள்ளே வயர்கள் நெருங்கி, நாளடைவில் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. இரண்டாவது வகையையே வாங்குங்கள்.

மாட்டும் வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தேன். தேங்கிய மின்சாரம் போய்விடும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுக்கொண்டேன். டிஸ்கை அதன் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், அடியில் தெரியும் சர்க்கியூட் பலகையில் விரல் படக் கூடாது. பழைய டிஸ்குக்கு அடுத்த அடுக்கில் வைக்காமல் ஓர் அடுக்கு விட்டு வைத்தேன். நடுவே காற்றுப் போக வேண்டும்.

திருகுகளில் ஒரு சங்கதி இருக்கிறது. டப்பாவில் கிடக்கும் திருகுகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்குக்கு வேண்டியது 6-32 என்ற மரை இடைவெளி அதிகமான வகை. சிடி டிரைவுக்கும் 2.5 அங்குல டிஸ்குக்கும் வேண்டியது எம்3 என்ற நெருக்கமான மரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். எம்3ஐ ஹார்ட் டிஸ்கில் போட்டால் லொடலொடவென்று ஆடும். மற்றதைச் சிடி டிரைவில் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். விரலால் இரண்டு சுற்று ஏற வேண்டும்; ஏறவில்லை என்றால் அது அந்தத் திருகு இல்லை.

சாட்டா கேபிளைச் செருகும்போது கவனம் வேண்டியது டிஸ்க் பக்கத்தில். அந்த மடங்கிய பிளாஸ்டிக் நாக்கு மிக மெல்லியது, கேபிளைப் பக்கவாட்டில் இழுத்தால் உடைந்துவிடும். உடைந்தால் ஒட்ட வைப்பது பெரும்பாடு. கொக்கி உள்ள கேபிள் நல்லதுதான், ஆனால் பழைய போர்டின் சாக்கெட்டுகள் பலவற்றில் கொக்கி பிடிக்க இடமே இருக்காது; உராய்வை நம்பித்தான் நிற்கும். அதனால் கேபிள் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தளர்வாகப் போகும்படி வைத்து, பக்கத்தில் உள்ள வயரோடு லேசாகக் கட்டிவிட்டேன்.

உங்களுடையது சாட்டாவே இல்லாத ஐடிஇ கம்ப்யூட்டர் என்றால் சுருக்கமாக இதைச் சொல்கிறேன். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு பின் 1 பக்கம் போக வேண்டும். பெரும்பாலும் அது பவர் சாக்கெட்டைப் பார்த்த பக்கம். 80 வயர் உள்ள கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஜம்பரை (டிஸ்கின் இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) ஒன்றில் மாஸ்டர், இன்னொன்றில் ஸ்லேவ் என்று வையுங்கள், அல்லது இரண்டையும் கேபிளின் முனையே தீர்மானிக்கும் கேபிள் செலக்ட்டில் வையுங்கள். கலந்து வைத்தால்தான் தலைவலி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஐடிஇ டிஸ்க்குகளில் தனியாக இருக்கும்போது ஒரு ஜம்பர் நிலை, ஸ்லேவோடு சேர்ந்த மாஸ்டராக இருக்கும்போது இன்னொரு நிலை. பழைய டிஸ்க் இவ்வளவு நாள் தனியாக ஓடியது, இப்போது துணைக்கு ஒன்று வந்ததும் அதுவும் மறைந்துவிட்டது என்றால் காரணம் அதுதான். லேபிளில் படம் போட்டிருக்கும்.

என்னுடைய கதைக்குத் திரும்புகிறேன். எல்லாம் மாட்டி ஆன் செய்தால், சாட்டா டிஸ்க்குகளைத் தேடும் திரை வழக்கத்தைவிட வெகுநேரம் நின்றது. அப்புறம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எக்ஸ்பிக்குள் போய்விட்டது.

இங்கேதான் அந்த வரிசை உதவியது. முதல் கேள்வி, டிஸ்க் சுழல்கிறதா? ஆன் செய்துவிட்டு டிஸ்கின் பக்கவாட்டில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிந்தது. அப்படியானால் பவரும் கன்வெர்ட்டரும் சரி. இரண்டாவது, கேபிள். வேறு கேபிள், வேறு சாக்கெட் மாற்றியும் அதே கதை. மூன்றாவது, பயாஸ். 'இன்டகிரேட்டட் பெரிபெரல்ஸ்' பகுதியில் சாட்டாவை அணைத்து வைத்திருப்பார்கள். பல பழைய போர்டுகளில் வரும்போதே அணைந்துதான் இருக்கும். என்னுடையதில் 'எனேபிள்ட்' என்றே இருந்தது. மிச்சம் இருந்தது மதர்போர்டின் சிப்பும் டிஸ்கும் பேசிக்கொள்ளும் வேகம்.

முதல் தலைமுறை சாட்டாவின் வேகம் நொடிக்கு 1.5 ஜிகாபிட். பின்னால் 3, 6 என்று வந்தது. புது டிஸ்க் எழுந்ததும் தன் உச்ச வேகத்தில் பேச ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் புரியவில்லை என்றால் ஒரு படி இறங்கும். விதிப்படி எந்தப் புது டிஸ்கும் எந்தப் பழைய போர்டிலும் வேலை செய்ய வேண்டும். நடைமுறையில், ஆரம்பகாலச் சிப்கள் சிலவற்றுக்கு டிஸ்க் இறங்கி வரும் வரை பொறுமை இல்லை. பேச்சு அங்கேயே அறுந்துவிடும். தேடும் திரை வெகுநேரம் நின்று கைவிரித்தது இதன் அடையாளம்.

இதற்கு மருந்து டிஸ்கின் பின்பக்கத்திலேயே இருந்தது. டேட்டா சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமே மாட்டாமல் விடப்பட்ட சில பின்கள் இருக்கும். அவற்றில் குறிப்பிட்ட ஒரு ஜோடியைச் சின்ன ஜம்பரால் இணைத்தால் டிஸ்க் 1.5 ஜிகாபிட்டிலேயே பேச ஆரம்பிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 3.5 அங்குல சாட்டா டிஸ்க்குகள் பலவற்றில் அது 5, 6ஆம் பின்கள். மற்ற நிறுவனங்களில் இடம் மாறும். சில புது மாடல்களில் இந்த வசதியே இருக்காது. அதனால் டிஸ்க் வாங்கும்போதே அதன் கையேட்டில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. நான் பழைய டப்பாவில் கிடந்த ஒரு ஜம்பரை எடுத்து, ட்வீசரால் பிடித்து மாட்டினேன். அடுத்த முறை ஆன் செய்ததும் டிஸ்கின் மாடல் எண் திரையில் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்துவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. சுழலும் டிஸ்க் தகவலைத் தட்டிலிருந்து எடுக்கும் வேகத்துக்கு இந்த 150 மெகாபைட் பாதை கிட்டத்தட்டப் போதும்.

ஆனால் டிஸ்க் தெரிந்த கையோடு கம்ப்யூட்டர் விண்டோஸுக்குள் போக மறுத்தது. 'டிஸ்க் பூட் ஃபெய்லியர்' என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. பழைய டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம். புதிதாக ஒரு டிஸ்க் வந்ததும் பயாஸ் அதை வரிசையில் முதலில் வைத்துவிடும். அது காலி என்பதால் நின்றுவிடும். 'ஹார்ட் டிஸ்க் பூட் ப்ரையாரிட்டி'யில் பழையதை மேலே ஏற்றினால் சரி. பயாஸுக்குள் இருக்கும்போது கை பரபரக்கும் இன்னொரு இடம், சாட்டா டிஸ்கோடு எப்படிப் பேசுவது என்பதற்கு ஐடிஇ மோட், ஏஹெச்சிஐ மோட் என்று இருப்பது. ஏற்கெனவே எந்த மோடில் விண்டோஸ் போடப்பட்டதோ அதிலேயே விடுங்கள். மாற்றினால் 7பி என்று முடியும் நீலத் திரைதான் வரும். அதோடு, தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இப்போது செய்த செட்டிங் எல்லாம் அடுத்த முறை பிளக்கைப் பிடுங்கும்போது காணாமல் போகும்.

பார்ட்டிஷன் போடுவதில் எக்ஸ்பியை நான் நம்பவில்லை. காரணம் இருக்கிறது. 2011 முதல் வரும் பெரும்பாலான டிஸ்க்குகளில் உள்ளே உண்மையான செக்டர் 4096 பைட்; வெளியே மட்டும் 512 என்று காட்டிக்கொள்ளும். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும். ஒரு பெரிய செக்டரில் எட்டு 512 அடங்கும்; 63, எட்டால் வகுபடாது. அதனால் விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு துண்டும் உள்ளே இரண்டு பெரிய செக்டர்களின் மேல் குறுக்கே விழும். டிஸ்க் ஒவ்வொரு முறையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். எழுதும் வேகம் தெளிவாகவே குறையும். விஸ்டாவிலிருந்து 2048ஆவது செக்டரில் தொடங்குகிறார்கள், சிக்கல் இல்லை. நான் பார்ட்டிஷன் போடும் இலவச மென்பொருளான ஜிபார்ட்டெட் உள்ள சிடியில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, எம்பிஆர் டேபிளும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனும் போட்டேன். அது தானாகவே சரியான இடத்தில் தொடங்கும். அங்கே ஒரே ஒரு கவனம்: எந்த டிஸ்கில் வேலை செய்கிறோம் என்பதை அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 80 ஜிபிக்கும் 1 டிபிக்கும் குழப்பம் வராது. இரண்டும் ஒரே அளவு என்றால் பழையதன் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்வதே மேல்.

எக்ஸ்பியின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டிலேயே செய்வதாக இருந்தால், காலி டிஸ்கைக் கண்டதும் ஒரு விஸார்டு எழும்பும். அது 'இனிஷியலைஸ்', 'கன்வர்ட்' என்று அடுத்தடுத்து இரண்டு கேட்கும். முதலாவதற்கு மட்டும் டிக் போடுங்கள். இரண்டாவது கேள்விக்கு டிக் போட்டால் அது டிஸ்கை டைனமிக் என்ற வேறு வகையாக்கிவிடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, பின்னால் தொல்லைதான். எப்படிச் செய்தாலும் கடைசியில் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024ஆக எண்ணுகிறது. எங்கும் தொலைந்துபோகவில்லை.

டிரைவ் லெட்டரை 'எஸ்' என்று தள்ளி வைத்தேன். பென் டிரைவும் கார்டு ரீடரும் வந்து போகும்போது எழுத்து மாறி, ஸ்கேனர் மென்பொருள் தேடும் ஃபோல்டர் காணாமல் போகக் கூடாது. மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளையும் புது டிஸ்குக்கே மாற்றினேன். சி டிரைவ் மூச்சு விட ஆரம்பித்ததும் விண்டோஸ்கூடச் சுறுசுறுப்பானது. வெறும் வேகம்தான் வேண்டும் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். விண்டோஸ் இருக்கும் டிஸ்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுவதே சரி. எனக்கு வேண்டியது இடம்.

படங்களை நகர்த்துவதற்கு முன் ஸ்மார்ட்டின் நீளமான டெஸ்ட்டை ஓடவிட்டேன். சில மணி நேரம் ஆகும். அதில் தேறாத புது டிஸ்கை உடனே மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் கட் செய்து பேஸ்ட் செய்யாமல் காப்பி செய்தேன், திறந்து பார்த்தேன், அதற்குப் பிறகே பழையதிலிருந்து அழித்தேன். அடுத்து வந்த நாட்களில் 199ஆம் எண்ணைக் கவனித்தேன். அது கேபிள் வழியே தகவல் சிதைந்து போனதன் கணக்கு. ஏற ஏறக் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும், டிஸ்கை அல்ல. என்னுடையது கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் குட்டையான வேறு கேபிளை மாற்றியதும் நின்றது. ஒரு முறை ஏறிய எண் இறங்காது, மேலே போகாமல் இருந்தால் போதும்.

இரண்டு டிஸ்க் ஆகிவிட்டதால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் தொங்குகின்றன. அது ஒரு நாள் ஏடாகூடமாகச் செத்தால் இரண்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதனால் ஒவ்வொரு ரோல் முடிந்ததும் ஸ்கேனரை அணைத்துவிட்டு, அதே யூஎஸ்பியில் வெளி டிஸ்கைச் செருகி, அந்த ரோலின் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து, கையோடு கழற்றி வைத்துவிடுகிறேன். 800 எம்பிதானே, யூஎஸ்பி 2.0இல்கூட அரை நிமிட வேலை.